உல்ஃப்ரிக்கா, துல்லியஸா? ஸ்கைரிமில் யார் பக்கம் நிற்பது

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2011 நவம்பர் 11. இத்தனை ஆண்டுகள் ஓடிய பிறகும் அதை விளையாடியவர்கள் இருவர் சந்தித்தால் டிராகன்களைப் பற்றிய பேச்சு குறைவாகத்தான் இருக்கும். "நீங்கள் பேரரசா, ஸ்டார்ம்கிளோக்கா?" என்பதே முதல் கேள்வி. கேமின் கற்பனை நாடான ஸ்கைரிமை ஆளும் பேரரசின் தளபதி துல்லியஸ்; அதை எதிர்த்துக் கிளர்ந்த ஸ்டார்ம்கிளோக் படையின் தலைவர் உல்ஃப்ரிக். பதில் சொன்ன மறுநொடி வாக்குவாதம் தொடங்கிவிடும். முதல் முறை விளையாடுகிறவருக்கு இந்த வாக்குவாதத்தால் பயன் ஒன்றும் இல்லை. பேரரசு கோழை என்பார் ஒருவர், உல்ஃப்ரிக் இனவெறியன் என்பார் மற்றவர்; இரண்டுக்கும் கேமுக்குள்ளேயே ஆதாரம் கிடைக்கும். யாருடைய கொள்கை நியாயமானது என்று தராசு பிடித்தால் முள் நடுவில் நிற்கும்படிதான் இதை எழுதியிருக்கிறார்கள். எனவே நான் பார்ப்பது வேறொன்றை: போர் முடிந்த பிறகு எந்த ஊரில், எந்த நாற்காலியில், யார் உட்காருகிறார்? தீர்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

கதை முடிவுகளை மறைக்காமல்தான் எழுதப்போகிறேன். எதுவும் தெரியாமல் விளையாட நினைப்பவர்கள் விளையாடி முடித்துவிட்டு வரலாம்.

சண்டை எங்கிருந்து வந்தது

கதை நடப்பது நான்காம் யுகம் 201ஆம் ஆண்டில். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பு, 171இல், தால்மோர் என்ற எல்ஃப் ஆட்சியாளர்கள் நடத்தும் ஆல்ட்மெரி டொமினியன் பேரரசின் மீது படையெடுத்தது. தலைநகரமே ஒரு கட்டத்தில் அவர்கள் கையில் விழுந்தது. 175இல் பேரரசர் இரண்டாம் டைட்டஸ் மீட் அதை மீட்டார். ஆனால் அதற்கு மேல் போரைத் தொடரப் படையில் ஆள் இல்லை. டொமினியன் நீட்டிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். டாலோஸ் வழிபாட்டுக்குத் தடை, ஹேமர்ஃபெல் நாட்டின் தென்பகுதியை விட்டுக்கொடுப்பது, பிளேட்ஸ் என்ற காவற்படையைக் கலைப்பது ஆகியவை அதன் நிபந்தனைகள்.

டாலோஸ் என்பவர் பேரரசை நிறுவிய மனிதர், இறந்தபின் தெய்வமானவர். ஸ்கைரிமில் வாழும் நார்ட் மக்களுக்கு அவர் தங்கள் வீட்டுத் தெய்வம். அவருக்காகவும் பேரரசுக்காகவும் தெற்கே போய் உயிரைக் கொடுத்தவர்கள் நார்ட் படைவீரர்கள். ஊர் திரும்பியதும் அவர்களிடம் "இனி அந்தத் தெய்வத்தைக் கும்பிடக் கூடாது" என்று சொன்னால் கோபம் வராமல் எப்படி இருக்கும்? ஸ்டார்ம்கிளோக் தரப்பின் வேர் இந்தக் கோபம்தான். இதைச் சின்ன விஷயமாக நினைத்துக்கொண்டு விளையாடினால் பாதிக் கதை புரியாது.

அடுத்தது மார்கார்த் விவகாரம். மேலே சொன்ன பெரும்போரில் எல்லோரும் தெற்கே போயிருந்த நேரத்தில் ரீச் பகுதியின் பூர்வகுடிகள் மார்கார்த் நகரத்தைக் கைப்பற்றி ஆண்டார்கள். போர் முடிந்ததும் உல்ஃப்ரிக் ஒரு படை திரட்டி நகரத்தை மீட்டுக் கொடுத்தார். அதற்குக் கூலியாக அவர் கேட்டது டாலோஸை வெளிப்படையாக வணங்கும் உரிமை. கேட்டது கிடைத்தது. பிறகு விஷயம் தால்மோர் காதுக்கு எட்டியது. அவர்கள் அழுத்தியதும் பேரரசு உல்ஃப்ரிக்கையே சிறையில் தள்ளியது. அவர் உள்ளே இருக்கும்போதே தந்தை இறந்தார். உல்ஃப்ரிக்கின் ஆதரவாளர்கள் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும். நகரத்தை மீட்ட பிறகு அவர் ஆட்கள் செய்த கொலைகளை விவரிக்கும் ஒரு நூலும் கேமுக்குள் கிடைக்கிறது. அதை எழுதியவர் பேரரசின் அறிஞர் என்பதையும் மறக்கக் கூடாது. நேரில் கண்ட நடுநிலைச் சாட்சி யாரும் நமக்கு வாய்ப்பதில்லை. எழுத்தாளர்களின் சாமர்த்தியம் அது.

கடைசியாக டோரிக் மரணம். ஸ்கைரிமின் இளம் மன்னர் டோரிக்கை அவருடைய சாலிட்யூட் அரண்மனையிலேயே உல்ஃப்ரிக் சண்டைக்கு அழைத்து, குரலையே ஆயுதமாக்கும் குரல்வித்தையைப் பயன்படுத்திக் கொன்றார். பழைய நார்ட் மரபுப்படி அது முறையான சவால் என்பது ஒரு தரப்பு. மலை உச்சித் துறவிகளிடம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் குரல்வித்தை பயின்றவன், அதை அறியாத ஓர் இளைஞனைக் கூப்பிட்டு அடிப்பதற்குப் பெயர் சவாலா என்பது மறுதரப்பு. மரபுப்படி சரி, மனசாட்சிப்படி தவறு என்பது என் எண்ணம்.

இரண்டு வாசல்கள்

இந்த விவாதத்தில் யாரையாவது ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்ல வேண்டுமென்றால், எந்தப் பக்கமும் சேராமல் சாலிட்யூடுக்கும் விண்ட்ஹெல்முக்கும் நடந்து போய் வாசலைத் தாண்டி ஒரு நிமிடம் நிற்கச் சொல்வேன்.

பேரரசுத் தரப்பின் தலைநகரமான சாலிட்யூடுக்குள் முதல் முறை நுழையும்போது வாசலுக்கு எதிரிலேயே ஒரு மரண தண்டனை நடக்கிறது. ரோக்விர் என்ற வாயில்காவலன். டோரிக்கைக் கொன்றுவிட்டு வெளியேறிய உல்ஃப்ரிக்குக்குக் கதவைத் திறந்துவிட்டான் என்பது குற்றம். கூட்டம் கூச்சல் போடுகிறது. ஸ்வாரி என்ற சிறுமி, தன் மாமாவைக் காயப்படுத்தக் கூடாது என்று தந்தையிடம் கெஞ்சுகிறாள். அவன் கலங்கவில்லை, அது கொலை அல்ல, முறையான சவால் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிகிறான். கோடரி விழுகிறது. அந்தக் கதவைத் திறந்ததை நிறைவேற்ற வேண்டிய கடமையாக நினைத்தானா, துரோகமாகவா என்று யோசிக்க நமக்கு நேரமே கொடுப்பதில்லை. பேரரசு என்றால் சட்டம். சட்டம் என்றால் இதுவும்தான்.

விண்ட்ஹெல்ம் உல்ஃப்ரிக்கின் ஊர். பனி கொட்டும் பாலத்தைக் கடந்து உள்ளே போனால் இரண்டு நார்ட் ஆண்கள் ஒரு டார்க் எல்ஃப் பெண்ணை மடக்கி நிற்கிறார்கள். எங்கள் ஊரில் வந்து எங்கள் சோற்றைத் தின்கிறீர்கள், போருக்கு மட்டும் உதவமாட்டீர்கள், நீங்களெல்லாம் பேரரசின் உளவாளிகள் என்று மிரட்டல். மிரட்டுகிறவர்களில் ஒருவன் ரோல்ஃப் ஸ்டோன்ஃபிஸ்ட். உல்ஃப்ரிக்கின் வலதுகையான கால்மாரின் சகோதரன். அவர்கள் நகர்ந்ததும் அந்தப் பெண் சுவாரிஸ் நம்மைப் பார்த்துக் கேட்பது, நீயும் எங்களை விரட்டத்தான் வந்தாயா என்று. டார்க் எல்ஃப்கள் அனைவரும் கிரே குவார்ட்டர் என்ற இடிந்த சந்துகளில் அடைந்து கிடக்கிறார்கள். பல்லி இனத்தவரான ஆர்கோனியன்களுக்கு மதிலுக்குள்ளேயே இடமில்லை; துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைக்கிறார்கள்.

இங்கே பேரரசின் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பூனை இனத்தவரான காஜீத் வணிகர்களை நகரத்துக்குள் விடாமல் மதிலுக்கு வெளியே கூடாரம் போடவைப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பேரரசின் மார்கார்த்தில் பூர்வகுடிகளைச் சுரங்கச் சிறையில் போட்டு வெள்ளி தோண்டவைக்கிறார்கள். அதே மார்கார்த்தில் தால்மோர் அதிகாரி ஒருவர் அரண்மனைக்குள்ளேயே உலவுகிறார். டாலோஸ் பக்தர்களைப் பிடிப்பது அவருக்கு வேலை. ஆக, கொடுமை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. விண்ட்ஹெல்மிலேயே வாழும் பிரன்வுல்ஃப் ஃப்ரீவின்டர் என்ற நார்ட் முதியவர் சொல்வது இது: நார்ட் ஊரைக் கொள்ளையர்கள் தாக்கினால் உல்ஃப்ரிக்கின் படை உடனே கிளம்பும், டார்க் எல்ஃப்களையோ ஆர்கோனியன்களையோ தாக்கினால் அவர் காதில் விழாது. ரோல்ஃப் குடித்துவிட்டுக் கத்துவது ஒரு தனிமனிதனின் இழிவு. எந்தக் கூக்குரலுக்குப் படை அனுப்புவது என்பது ஆட்சியின் முடிவு. உல்ஃப்ரிக் அரியணையில் ஏறினால் ஒன்பது பகுதிகளிலும் அந்த முடிவை எடுக்கப்போவது அவர்தான்.

தால்மோர் கோப்பு

முதன்மைக் கதையின் நடுவில் தால்மோர் தூதரகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையும் பணி ஒன்று வரும். அங்கே உல்ஃப்ரிக் பற்றிய ரகசியக் கோப்பு கிடைக்கிறது. கட்சி எடுப்பதற்கு முன் இதைப் படித்தே ஆக வேண்டும்.

பெரும்போரில் அவர் தால்மோரிடம் சிறைப்பட்டார். விசாரித்தவர் எலென்வென், இப்போதைய தூதர். சித்திரவதையில் தான் சொன்ன தகவலால்தான் தலைநகரம் விழுந்தது என்று அவரை நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் வாய் திறப்பதற்கு முன்பே நகரம் விழுந்துவிட்டது. பிறகு தப்பிக்கவும் விட்டார்கள். கோப்பு அவரைத் தங்களுக்குப் பயன்படும் ஆள் என்று குறிக்கிறது, ஆனால் நேரடித் தொடர்புக்கு ஒத்துழைக்காதவர் என்றும் சேர்த்தே சொல்கிறது. பேரரசுத் தரப்பினர் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு "உல்ஃப்ரிக் தால்மோர் கைக்கூலி" என்று முழங்குவது வழக்கம். கோப்பு அப்படிச் சொல்லவே இல்லை. அவர்களுக்குத் தேவை போர் நீள்வது. ஸ்டார்ம்கிளோக் வெற்றியும் தவிர்க்கப்பட வேண்டியதே என்று அதில் தெளிவாக இருக்கிறது. கதையின் தொடக்கத்தில் ஹெல்கன் என்ற ஊரில் நடக்கவிருந்த மரண தண்டனையில் உல்ஃப்ரிக்கின் தலை போயிருந்தால் பேரரசு வென்றுவிடும் என்பதே அவர்கள் கவலை.

இதை வைத்து யாருக்கு வாக்கு? கோப்பைப் படித்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: எந்தப் பக்கமானாலும் போரைச் சீக்கிரம் முடிப்பவன் தால்மோருக்குக் கெடுதல் செய்கிறான். சாலிட்யூட் விழும்போது துல்லியஸ் சாகும் முன் உல்ஃப்ரிக்கிடம் இதைத்தான் சொல்கிறார். இந்தச் சண்டையைத்தான் தால்மோர் விரும்பினார்கள் என்கிறார். தோற்றவன் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதான்.

தனி நாடானால் ஸ்கைரிம் தால்மோரைத் தாங்குமா என்ற கேள்விக்கு ஹேமர்ஃபெல்லைக் காட்டுவார்கள். உடன்படிக்கையை ஏற்க மறுத்த ஹேமர்ஃபெல்லைப் பேரரசு கைகழுவிவிட்டது. அவர்கள் தனியாகவே போராடி 180இல் டொமினியனைத் தங்கள் மண்ணிலிருந்து வெளியேறவைத்தார்கள். வலுவான வாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அங்கே மோதிக்கொண்டிருந்த பிரிவுகள் பொது எதிரிக்காக ஒன்று சேர்ந்தன. ஸ்கைரிமில் நடப்பது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு பகுதியையும் ஆளும் யார்ல்களில் பாதிப் பேர் உல்ஃப்ரிக்கை வெறுக்கிறார்கள். அவர்களை வெட்டி வீழ்த்தித்தான் அவர் ஒற்றுமையை உண்டாக்கப் பார்க்கிறார்.

நாற்காலிக் கணக்கு

ஒரு பகுதி கைமாறும்போது அங்கே யார்லும் மாறுகிறார். போருக்குப் பிறகு பல மணி நேரம் நாம் புழங்கப்போவது இந்த ஊர்களில்தான்.

பேரரசு வென்றால் விண்ட்ஹெல்மில் உட்காருபவர் மேலே சொன்ன பிரன்வுல்ஃப். இந்தப் போரில் நடக்கும் பதவி மாற்றங்களிலேயே மிக நல்லது இது என்பேன். மதிலோ சந்துகளோ கண்ணுக்குத் தெரிய மாறுவதில்லை, அது கேமின் வறுமை. ஆனாலும் கேட்க ஆள் இருக்கிறது. டான்ஸ்டாரில் கிழட்டுப் பிடிவாதக்காரர் ஸ்கால்டு போய், ஓய்வுபெற்ற படை அதிகாரி பிரினா மெரிலிஸ் வருகிறார். ஊரே அவரை மதிக்கிறது. விண்டர்ஹோல்டில் மந்திரக் கல்லூரியைக் கண்டாலே எரிந்துவிழும் கோரிர் போய் கிரால்டார் வருகிறார். கல்லூரி மாணவராக விளையாடுகிறவர்களுக்கு நிம்மதி.

ரிஃப்டனில்தான் இடி விழுகிறது. லைலா என்ற நல்ல மனம் கொண்ட, ஆனால் தன் மூக்கின் கீழ் நடப்பதே தெரியாத யார்லை நீக்கிவிட்டு மேவன் பிளாக்பிரையரைப் பேரரசு உட்காரவைக்கிறது. திருடர் சங்கத்தைக் கைக்குள் வைத்திருப்பவர்; கூலிக் கொலைகாரர்களோடு தொடர்புள்ளவர்; சிறைக் காவலிலிருந்து மது வியாபாரம் வரை அவர் சொல்லாமல் ரிஃப்டனில் எதுவும் அசையாது. ஏற்கெனவே அவர்தானே ஆண்டார், இப்போது பட்டம் மட்டும்தானே வருகிறது என்று சமாதானம் சொல்லலாம். அந்த அரண்மனைக்குள் போய் அவரை அந்த ஆசனத்தில் பார்க்கும்போது சமாதானம் ஆகாது.

ஸ்டார்ம்கிளோக் வெற்றியிலும் இதே கசப்பு மார்கார்த்தில் காத்திருக்கிறது. இக்மண்ட் போய் தோங்வோர் சில்வர்பிளட் வருகிறார். நான் சொன்ன சுரங்கச் சிறை அந்தக் குடும்பத்துச் சொத்து. கைதிகளின் உழைப்பில் கொழுத்தவர்கள் விடுதலைப் படையின் தயவில் ஆட்சிக்கு வருவதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியாது. மார்த்தாலில் தொலைநோக்குக் கனவுகள் காணும் இட்கிராட் மூதாட்டி போய் சோர்லி வருகிறார்; கேமின் வித்தியாசமான யார்ல் ஒருவரை இழக்கிறோம். ஃபாக்ரீத்தில் மட்டும் உல்ஃப்ரிக் தரப்புக்கு நல்ல புள்ளி: கொள்ளையர்களிடமே பங்கு வாங்கிய சோம்பேறி சிட்கேர் போய், அவனுடைய குடும்பப் பெரியவர் டெங்கேர் வருகிறார். எல்லோர் மீதும் சந்தேகப்படும் மனிதர், ஆனால் ஊர்மீது அக்கறை உள்ளவர்.

சாலிட்யூட் விழுந்தாலும் டோரிக்கின் மனைவி எலிசிஃப் பதவியில் தொடர்கிறார். கணவனைக் கொன்றவனுக்கே விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சியில் கூட்டம் ஆரவாரம் செய்யும்போது எனக்குக் கை தட்டத் தோன்றியதில்லை.

இதையெல்லாம்விடக் கனமான நாற்காலி வைட்ரனில் இருக்கிறது.

பால்குரூஃப்

இரு பக்கமும் சேராமல் தாக்குப்பிடித்த ஒரே பெரிய யார்ல் இவர். டிராகன் வந்தபோது முதலில் நம்மை நம்பியவர். நமக்கு 'தேன்' (Thane) என்ற கௌரவப் பட்டமும் துணைக்கு லிடியா என்ற காவல்வீராங்கனையையும் கொடுத்தவர். பெரும்பாலானவர்களுக்கு முதல் வீடு வாங்குவதும் இவருடைய ஊரில்தான். போர்க்கதை ஆரம்பித்ததும் இவர் ஒரு பக்கம் சாய வேண்டியதாகிறது. கூட்டா போரா என்று கேட்டு உல்ஃப்ரிக் அனுப்பும் கோடரியை ஏற்காமல் திருப்பி அனுப்புகிறார். ஆக, நாம் பேரரசுப் படையில் இருந்தால் அவரோடு சேர்ந்து மதிலைக் காக்கிறோம். ஸ்டார்ம்கிளோக்காக இருந்தால் அவர் ஊரைக் கொளுத்திக்கொண்டு அவர் மண்டபத்துக்குள் வாளோடு நுழைகிறோம்.

ஸ்டார்ம்கிளோக்காக விளையாடும்போது அந்த மண்டபத்தில் நடக்கும் பேச்சைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். பால்குரூஃப் வாளைத் தாழ்த்துகிறார். விக்னார் கிரேமேன் என்ற முதியவர், அதே ஊரின் பெரிய குடும்பத்துக்காரர், அவர் இடத்தைப் பிடிக்க வந்து நிற்கிறார். தெருவில் கிடக்கும் பிணங்களில் உன்னை நண்பன் என்று அழைத்தவர்கள் எத்தனை பேர் என்று விக்னாரைப் பார்த்துக் கேட்கிறார் பால்குரூஃப். பிறகு திரும்பி நம்மைப் பார்க்கிறார். இந்தக் கேம் முழுவதிலும் என்னைக் கூசவைத்த பார்வைகள் அதிகம் இல்லை, இது ஒன்று. அதன்பின் அவர் சாலிட்யூட் அரண்மனையில் அகதி.

கதையாகப் பார்த்தால் ஸ்டார்ம்கிளோக் பக்கம் சுவை கூடுவது இங்கேதான் என்று சிலர் வாதிடுவார்கள். பேரரசுப் பக்கம் வைட்ரன் போர் வெறும் தற்காப்புச் சண்டை, இந்தப் பக்கம் அது ஒரு நட்பின் விலை. ஒத்துக்கொள்கிறேன். வலிக்கும் கதை வேண்டும் என்பவர்கள் உல்ஃப்ரிக்கிடமே போகலாம்.

சண்டையாக எப்படி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேர்வதற்கு ஒரு சோதனை: துல்லியஸ் தரப்பில் கொள்ளையர்களிடமிருந்து ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும், கால்மார் ஒரு தீவுக்கு அனுப்பிப் பனிப்பேயைக் கொல்லச் சொல்வார். அதன்பின் இரு பக்கமும் ஒரே பாழடைந்த கல்லறையில் ஒரே பழைய கிரீடத்தைத் தேடும். பிறகு வைட்ரன், பிறகு கோட்டை மேல் கோட்டை, திரையின் மேலே எதிரிப் படையின் சதவீதம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் எதிரித் தலைநகரம். உடை நிறமும் ஊர்ப் பெயர்களும் மாறுவதைத் தவிர ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்.

ஆனால் அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது. இரு தரப்பிலும் எதிரி அரண்மனையின் உயர் அதிகாரி ஒருவரை மிரட்டி ராணுவச் சரக்கு போகும் வழியைக் கேட்டறியும் பணி வரும். பேரரசுக்காக நாம் மிரட்டுவது ரிஃப்டன் நிர்வாகி அனூரியலை. திருடர் சங்கத்தோடு அவருக்குள்ள கொடுக்கல் வாங்கல்தான் பிடி. உல்ஃப்ரிக்குக்காக மிரட்டுவது மார்கார்த் நிர்வாகி ரேரெக்கை. அவருக்கு எதிரான பிடி என்ன தெரியுமா? அறையில் மறைத்து வைத்திருக்கும் டாலோஸ் தாயத்து. டாலோஸை வணங்கும் உரிமைக்காகக் கத்தி எடுத்த படை, டாலோஸை ரகசியமாக வணங்கும் ஒரு கிழவரை, சொல்பேச்சு கேட்காவிட்டால் தால்மோரிடம் மாட்டிக்கொள்வாய் என்று மிரட்டுகிறது. இதை எழுதியவர் வேண்டுமென்றே எழுதினாரா, போகிற போக்கில் எழுதினாரா என்று எனக்கு இன்றைக்கும் ஆர்வம் உண்டு. எப்படியானாலும், ஸ்டார்ம்கிளோக் கொடியின் கீழ் நிற்கிறவர் பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

முடிவில் உலகம் பெரிதாக மாறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காவலர்களின் சீருடை மாறும். தோற்றவர்களின் முகாம்கள் காட்டில் அப்படியே கிடக்கும். உல்ஃப்ரிக் ஜெயித்தாலும் தால்மோர் தூதரகம் நின்ற இடத்திலேயே நிற்கும். யார் வென்றாலும் முடிசூட்டு விழா கிடையாது. பேரரசுப் படையில் உயர் பதவியில் இருந்துகொண்டே கொலைகாரர் சங்கத்தில் சேர்ந்து பேரரசரையே கொல்லலாம். படையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வழி

எந்தப் பக்கமும் சேராமல் முதன்மைக் கதையைத் தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் பால்குரூஃப் அரண்மனையில் டிராகனைப் பொறிவைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். வாசலில் எதிரிப் படை இருக்கும்போது அவர் சம்மதிக்கமாட்டார். எனவே மலை உச்சியில் துறவிகளின் மடத்தில் ஒரு சமாதானக் கூட்டம் நடக்கிறது. உல்ஃப்ரிக், துல்லியஸ், எலிசிஃப், பால்குரூஃப் எல்லோரும் ஒரே மேசையில். எலென்வெனும் வந்து உட்காருகிறார். அவரைப் பார்த்ததும் உல்ஃப்ரிக் எழுந்து குதிக்கிறார். தன்னைச் சித்திரவதை செய்த பெண்ணோடு சமாதானம் பேசச் சொன்னால் யார்தான் அமைதியாக இருப்பார்கள்? அவர் இருக்கலாமா வெளியேற வேண்டுமா என்று நாம்தான் முடிவு செய்கிறோம்.

பிறகு பேரம். உல்ஃப்ரிக் மார்கார்த்தைக் கேட்பார், துல்லியஸ் ஈடாக ரிஃப்டனைக் கேட்பார். பேரம் படிந்தால் தோங்வோரும் மேவனும் ஒரே நாளில் பதவிக்கு வருவார்கள். சமாதானத்தின் முதல் பலன் அது. சிரிக்காமல் என்ன செய்வது.

போரை முன்னதாகவே முடித்தவர்களுக்கு இந்தக் கூட்டம் நடக்காது. ஸ்கைரிமின் அரசியல் காட்சிகளில் இதுவே சிறந்தது. வெட்டுக்குத்து இல்லாமல் எல்லோருடைய குணமும் ஒரே அறையில் வெளிப்படுகிறது. கூட்டத்துக்குப் பிறகும் போர் நிறுத்தம்தான், முடிவு அல்ல. உலகைக் காப்பாற்றிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரலாம்.

இதற்கு எதிராக ஒரே ஒரு இழப்பு. போரை முதலில் முடித்துவிட்டு மறுமை உலகமான சோவன்கார்துக்குப் போனால், நாம் கொன்றவர்களை அங்கே மூடுபனியில் சந்திக்கலாம். பேரரசு வென்றிருந்தால் உல்ஃப்ரிக், அவர் தரப்பு வென்றிருந்தால் துல்லியஸின் துணைத் தளபதி ரிக்கே. டோரிக் எப்படியும் அங்கே இருப்பார். பனிக்குள் டிராகன் ஆல்டுயின் இரு தரப்பு வீரர்களின் ஆவிகளையும் பாகுபாடில்லாமல் தின்றுகொண்டிருக்கும். கூட்டமா, அந்தச் சந்திப்பா என்று வந்தால் முதல் முறைக்குக் கூட்டத்தையே நான் எடுப்பேன்.

யாருக்கு எது

பாத்திரத்தோடு ஒன்றி விளையாடுகிறவர்களுக்கு விடை இனத்திலேயே பாதி இருக்கிறது. ஹெல்கனில் பட்டியலில் பெயரே இல்லாதவனைத் தலைவெட்டும் கட்டையில் படுக்கவைத்த பேரரசுக்கு ஒரு நார்ட் ஏன் வாள் தூக்க வேண்டும்? அவனுக்கு உல்ஃப்ரிக் இயல்பான தேர்வு. டார்க் எல்ஃபோ ஆர்கோனியனோ அங்கே போய் நின்றால் கால்மாரே, உனக்கு எதற்கு இந்தச் சண்டை என்று கேட்பார். பொருத்தமான பதிலை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஹேமர்ஃபெல்லைச் சேர்ந்த ரெட்கார்டுக்குச் சங்கடம் வேறு மாதிரி: தன் தாய்நாட்டைக் கைகழுவிய பேரரசின் மீது அவனுக்குக் கோபம் இருக்கும், அதற்காக நார்ட்களின் அரியணைச் சண்டையில் உயிரை விடவும் மனம் வராது. அவன் மலை உச்சிக் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹெல்கனிலிருந்து தப்பும்போது பேரரசு வீரன் ஹாட்வரோடு ஓடினாலும் ஸ்டார்ம்கிளோக் வீரன் ராலோஃபோடு ஓடினாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பாத்திரம் எதையும் வற்புறுத்தாவிட்டால் என் தேர்வு பேரரசு. மேவனைச் சகித்துக்கொண்டு, ரோக்விரை மறக்காமல். விண்ட்ஹெல்மில் பிரன்வுல்ஃப் உட்காருவதும் வைட்ரனில் பால்குரூஃப் எழாமல் இருப்பதும் சேர்ந்து எனக்கு மற்றவற்றைவிட எடை கூடுகின்றன. வரிசையும் இப்படி: முதலில் தூதரகக் கோப்பு, பிறகு சமாதானக் கூட்டம், ஆல்டுயின் கதை முடிந்த பின் போர்.

இன்னமும் ஊசலாடுகிறவர்களுக்கு கேமிலேயே ஒரு சலுகை இருக்கிறது. எந்தப் பக்கம் சேர்ந்திருந்தாலும், கல்லறையிலிருந்து எடுத்த அந்தப் பழைய கிரீடத்தைத் தன் தலைவரிடம் கொடுக்காமல் எதிர்த்தரப்புத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கட்சி மாறலாம். கிரீடத்தை ஒப்படைத்து வைட்ரனை நோக்கி நகர்ந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். எனவே கல்லறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு தனி சேவ் போட்டுவிட்டு, பிறகு சாலிட்யூட் போவதா விண்ட்ஹெல்ம் போவதா என்று யோசியுங்கள்.